கையெழுத்து என்னுதுதானுங்க

ஒன்றிய அலுவலகத்து வராந்தாவில் நின்றபடி மறுபடியும் சரசக்காவின் எண்ணை அழைத்தேன். அது எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை. ‘சுவிட்ச் ஆஃப்’ என்று அந்தக் குரல் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மரவள்ளிக் கிழங்கு லாரிகள் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகும் சாலை அது. காற்று திரும்பினால் புளித்த மாவு வாசம் வரும். பிறந்ததிலிருந்து பழகிய வாசம்தான். அன்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை.

உள்ளே வேட்புமனுப் பரிசீலனை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நானும் மனுப் போட்டிருந்தேன். என்னை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் சரசக்கா, எங்கள் ஊர் விசைத்தறித் தொழிலாளி.

என் மனுவை எடுத்ததுமே ஓர் ஆட்சேபணை வந்து விழுந்தது. முன்மொழிந்தவரின் கையெழுத்து போலி, சரசுவுக்கு இந்த மனுவைப் பற்றி எதுவுமே தெரியாது என்று எழுதியிருந்தது.

தேர்தல் அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவராகத் தெரியவில்லை.

“ஏம்மா, அவங்களை நேர்ல கூட்டிட்டு வந்துடுங்க. என் கையெழுத்துதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும். மூணு மணிக்குப் பரிசீலனை முடிஞ்சிடும்.”

“வரலைன்னா சார்?”

“தள்ளுபடிதான். எனக்கு வேற வழி கிடையாது.”

அம்மாவைச் சரசக்காவின் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அங்கிருந்து கூப்பிட்டாள்.

“ஊடு பூட்டிக் கெடக்குது சாமி. துணி கொடியில அப்படியே காயுது.”

“பக்கத்துல கேட்டயாம்மா?”

“ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. காலையில வெள்ளக் காரு வந்துட்டுப் போச்சுன்னு ஒரு பொம்பள மட்டும் சொல்லுது.”

வெள்ளைக் கார் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் பெரிய தறிக்குடோன் வைத்திருப்பவர் சென்னியப்பன். சரசக்கா வேலை செய்வது அவர் குடோனில். குடியிருப்பது தொழிலாளிகளுக்கென்று அவர் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில். தலைவர் பதவிக்கு மனுப் போட்டிருந்த இன்னொரு பெண் அவருடைய மனைவி கோமதி. எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் போட்டியில் இல்லை. என் மனு விழுந்தால் கோமதியம்மாள் போட்டியில்லாமலே தலைவர்.

ரிக் வண்டிக்காரர் மகள்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கிரீடத்தைப் பற்றித்தான் கேட்டு எழுதுகிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அழகிப் போட்டி. விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியது என் தோழி. குதிகால் செருப்பு இரவல், ஓர் அளவு சிறியது. கடைசிச் சுற்றில் பெருவிரல் நகத்திலிருந்து ரத்தம் கசிந்து செருப்புக்குள் வழுக்கியது. சிரித்துக்கொண்டே நடந்தேன்.

ஜெயித்தால் என்ன செய்வாய் என்று நடுவர் கேட்டார். பெண்கள் முன்னேற்றத்துக்குப் பாடுபடுவேன் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒப்பித்தேன். மண்டபமே கைதட்டியது. கிரீடமும் எனக்கே வந்தது. நான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று சத்தியமாக எனக்கு அன்று தெரியாது.

அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் ஊர் திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும். அந்த வருடம் சத்தீஸ்கரில் இருந்தார். யாரோ அவர் போனுக்கு என் படத்தை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கூப்பிட்டார். பின்னால் கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது.

“ஏஞ்சாமி, நீயா அது?”

“ஆமாங்கப்பா.”

திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“அதத் தலையில வெச்சுட்டு நின்னயே, கழுத்து வலிக்கலையா?”

அவ்வளவுதான் கேட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. ஜவுளிக்கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, பைக் ஷோரூம். ரிப்பன் வெட்டுவேன், சிரிப்பேன், காரில் கொண்டுவந்து விடுவார்கள். ராசிபுரத்தில் பஸ் ஏறினால் உட்கார இடம் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு நாள், என் முகத்தை யாருடைய உடம்பிலோ ஒட்டிய படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்

எந்தக் காவல் நிலையம் என்று எழுதப் போவதில்லை. அங்கிருந்த எழுத்தர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். புகாரைப் படித்துவிட்டு, “மேடையேறிட்டா இதெல்லாம் வரத்தானேம்மா செய்யும்?” என்றார்.

சுவரோரம் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். தலைமுடியில் நரையைப் போலப் பஞ்சுத் தூசி. அவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று பேச்சுக் கொடுத்தேன். எங்கள் ஊர்தான். நாலு தெரு தள்ளி.

சரசக்கா மூன்றாவது நாளாக வந்து உட்கார்ந்திருந்தார். அவர் இருந்த லைனில் பதினாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குளிக்கும் இடம். நாலு தகரம், கூரை கிடையாது, கதவுக்குப் பதில் ஒரு பழைய சேலை. குடோன் மாடியிலிருந்து தறி மேஸ்திரி போனில் படம் எடுத்திருக்கிறான். எடுத்ததோடு நிற்காமல் இவரிடமே காட்டியிருக்கிறான். முதலாளி சென்னியப்பனிடம் சொன்னதற்கு, “பாத்துக் குளிக்கறதில்லையா?” என்று கேட்டாராம்.

“உங்களுக்கு மட்டும் ஏனுங்கக்கா இன்னும் புகாரே வாங்கலை?” என்றேன், அப்பாவித்தனமாக.

அவர் என் டீ டம்ளரைப் பார்த்தார்.

“உங்க படம் பொய்யிங்க கண்ணு. என்ற படம் நெசம். அதனாலதான் எனக்குச் சேர் இல்லையாட்ட இருக்குது.”

என் முகம் எரிந்தது. என் புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவருடைய புகாரை வாங்கினால்தான் என்னுடையதைத் தருவேன் என்று எழுத்தரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். மதியம் சிரிப்பு நின்றது. ஆய்வாளர் வந்தார். வாசலில் யாரோ என்னைப் போட்டோ எடுக்க, சின்னக் கூட்டம் சேர்ந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பேருக்கும் ரசீது கிடைத்தது.

மேஸ்திரி கைதானான். ஆனால் சில மாதங்களில் வழக்கு சமாதானமாக முடிந்துவிட்டது என்றார்கள். அவன் அதே குடோனுக்குத் திரும்பி வந்தான். எப்படி என்று அக்கா சொல்லவில்லை. கேட்டபோது பேச்சை மாற்றினார்.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஷிப்ட் முடிந்து பஞ்சும் எண்ணெயும் மணக்க வருவார்கள். முதலில் யாருக்கோ நடந்தது போலச் சொல்வார்கள். இரண்டாம் முறை வரும்போது போனை எடுத்து நீட்டுவார்கள். படத்தை வைத்து மிரட்டியது கணவன், காதலன், கடைக்காரன், சொந்த மச்சான். அந்தப் பெண்களோடு நானும் காவல் நிலையம் போவேன். பெயரில்லாத ஒரு சங்கம் அப்படித்தான் உண்டானது. ரிப்பன் வெட்டக் கூப்பிடுவது நின்றுபோனது. ‘போலீஸ் ஸ்டேஷன் அழகி’ என்று ஒரு பட்டப்பெயர் கிடைத்தது.

தேர்தல் அறிவித்தபோது சரசக்காதான் சொன்னார்.

“நீங்க நில்லுங்க கண்ணு. நான் முன்மொழியறேன்.”

“உங்க ஊடு அவரோடதுங்களே அக்கா?”

“தெரியுமுங்க.”

நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்று மணிக்குள்

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் வந்தது. வராந்தா காலியானது. அப்போது சென்னியப்பன் மட்டும் தனியாக என்னிடம் வந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி. குரல் எப்போதும் போல மெதுவாக இருந்தது.

“ஏஞ்சாமி நித்யா, வெயில்ல எதுக்கு நின்னுட்டு இருக்கறே?”

“சரசக்கா எங்கீங்க?”

“அது என்ற ஊட்டுப் புள்ளையாட்டச் சாமி. நல்லா இருக்குது.” போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். அழகிப் போட்டியில் கையில்லாத கவுன் போட்டு நான் நின்ற படம். “இதப் போஸ்டர் அடிச்சு ஒட்டலாமுன்னு பசங்க குதிக்கறாங்க. நாந்தான் புடிச்சு வெச்சிருக்கறேன். உங்கப்பன் மானஸ்தன். வடக்க வெயில்லயும் தூசியிலயும் கெடந்து சம்பாரிக்கறவன். அவன் வந்து இதப் பாக்கோணுமா?”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

“அப்பா பாத்துட்டாருங்க,” என்றேன். “ஒட்டிக்குங்க.”

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. “உன்ற இஷ்டம்,” என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டு மணி. இரண்டேகால். அம்மா பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். இரண்டரைக்கு மேல் அந்த வெள்ளைக் கார் வளாகத்துக்குள் திரும்பியது.

முன்சீட்டிலிருந்து கோமதியம்மாள் இறங்கினார். பின்னாலிருந்து சரசக்காவின் கணவர் மாதேஸ் அண்ணன், அவருக்குப் பின்னால் சரசக்கா. மடிப்புக் கலையாத புதுச்சேலை கட்டியிருந்தார். காலையிலிருந்து கோமதியம்மாளின் வீட்டில்தான் உட்காரவைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அக்காவின் வாயாலேயே ‘தெரியாது’ என்று சொல்லவைத்துவிட்டால் நான் கோர்ட்டுக்குப் போக முடியாது என்பது சென்னியப்பனின் கணக்கு. அக்கா என்னைப் பார்க்காமலே உள்ளே போனார்.

மாதேஸ் அண்ணன் மட்டும் என்னிடம் நின்றார்.

“அம்மிணி, எங்கள உட்டுருங்க. நாளைக்கு ஊட்டக் காலி பண்ணச் சொல்லிப்போட்டா ரெண்டு புள்ளைங்கள வெச்சுட்டு நான் எங்க போவேன்? உங்களுக்குத் தோத்தா ஒண்ணுமில்ல. எங்களுக்கு அப்படியில்லீங்க.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ‘சரிங்கண்ணா, என் மனு போனால் போகட்டும்’ என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அக்காவை உள்ளேயிருந்து கூட்டி வந்திருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அன்று எனக்கு அவ்வளவு இருந்தது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

உள்ளே அலுவலர் மனுவைத் திருப்பி மேசை விளிம்புக்குத் தள்ளினார்.

“நீங்கதான் சரசுவா?”

“ஆமாங்க.”

“இந்தக் கையெழுத்து உங்களுதா?”

சரசக்கா குனிந்தார். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“பயப்படாமச் சொல்லு சரசு,” என்றார் சென்னியப்பன். “தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு.”

“நீங்க பேசாதீங்க,” என்றார் அலுவலர்.

சரசக்கா கையெழுத்தைப் பார்க்கவில்லை. தாளின் மேல்வரியில் விரலை வைத்தார். எழுத்தெழுத்தாக உதடு அசையப் படிக்க ஆரம்பித்தார். அலுவலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது.

“கையெழுத்தை மட்டும் பாருங்கம்மா, போதும்.”

“இல்லீங்க சார். முழுசாப் படிச்சுக்கறனுங்க.”

விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“கையெழுத்து என்னுதுதானுங்க.”

“சரசு!”

அவர் சென்னியப்பன் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

“மேஸ்திரி கேசுல ஒரு பேப்பர நீட்டுனீங்க. தறி ஓடிட்டு இருந்துது. லீவுக்குன்னு சொன்னீங்க, படிக்காமப் போட்டுப்போட்டனுங்க. கேச வாபஸ் வாங்கிக்கறன்னு நானே எழுதிக் குடுத்திருக்கறதாக் கோர்ட்டுல படிச்சப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. இதப் போடறதுக்கு முன்னால ரெண்டு தடவ படிச்சனுங்க. இப்ப மூணாவது தடவ. இது நான் போட்டதுதான்.”

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கோமதியம்மாள் சரசக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலர் பேனாவைத் திறந்து, ஆட்சேபணையை நிராகரிப்பதாக எழுதினார்.

வெளியே ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “எனக்காக நீங்க...” என்று ஆரம்பித்தேன்.

“உங்களுக்காகச் சொல்லலீங்க கண்ணு,” என்று கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

மாதேஸ் அண்ணன் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அக்கா அவர் பின்னால் போனார். போஸ்டர் அடிக்கிறவர்களையும் வரப்போகும் ஓட்டுகளையும் நினைத்துக்கொண்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர்கள் பின்னால் ஓடியது அம்மாதான்.

தோற்ற பிறகு

மறுநாள் காலை சரசக்காவின் பாத்திரமும் பெட்டியும் தெருவில் கிடந்தன. அம்மா தள்ளுவண்டி பிடித்து எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பின்கட்டில் இரண்டு அறை இருந்தது. அப்பா திரும்பி வந்தால் ரிக் சாமான் போடும் இடம். போனில் சொன்னபோது, “சாமான் மழையில நனைஞ்சாத் தொடைச்சுக்கலாம்,” என்றார்.

மாதேஸ் அண்ணன் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பார். பிறகு நாமக்கல்லில் முட்டை லாரியில் வேலை கிடைத்தது. இப்போது பேசுகிறார், அளவாக. அந்தக் கோபத்தில் அவருக்கு நியாயம் இருந்தது.

சொன்னபடி போஸ்டர் ஒட்டினார்கள். படத்துக்குக் கீழே இருந்த வாசகத்தை இங்கே எழுத முடியாது. அந்தச் சுவர்களைத் தாண்டித்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஓட்டுக் கேட்டேன். சில வீடுகளில் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “தெரியும் கண்ணு,” என்றார்கள். சில வீடுகளில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள்.

தோற்றேன். பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் தோல்வி தோல்விதான். எங்கள் வாசலில் சரவெடி வைத்தார்கள். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனம் வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தேன்.

சரசக்கா கதவில் சாய்ந்து நின்று பார்த்தார்.

“வர்ற வெள்ளிக்கெழம கிராம சபைங்க.”

“தோத்தவ அங்க வந்து என்னங்கக்கா பண்றது?”

“தோத்தவங்க பேசக் கூடாதுன்னு சட்டமிருக்குதுங்களா?”

இல்லை. ஓட்டுரிமை உள்ள யார் வேண்டுமானாலும் பேசலாம். போனேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் தலைவர் நாற்காலியில் கோமதியம்மாள். பக்கத்து நாற்காலியில் சென்னியப்பன், கையில் மைக். வந்த கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். அந்தம்மாள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரசக்கா எழுந்தார்.

“லைன் ஊட்டுப் பொம்பளைங்களுக்குக் குளிக்க எடம் வேணுமுங்க. பக்கத்துலயே ஊராட்சி நெலம் சும்மாக் கெடக்குது. கூரையோட, கதவோட கட்டித் தரணுங்க.”

“லைனு தனியார் எடம். அதப் பத்தி இங்க பேச முடியாது,” என்றார் சென்னியப்பன். “அடுத்து யாரு?”

நான் எழுந்தேன். “கேள்வி தலைவருக்குங்க. தலைவர் பதில் சொல்லட்டும்.”

பின்னாலிருந்து விசில் பறந்தது. “இதென்ன அழகிப் போட்டியா?” என்று ஒருவன் கத்தினான். நாலைந்து பேர் பந்தல் காலைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள். அதில் ஒருவன் அந்த மேஸ்திரி. சரசக்கா அவனைப் பார்த்துவிட்டார், ஆனாலும் உட்காரவில்லை. அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஒரே காவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று இங்கே அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

“அதக் குடுங்க.”

முதலில் யார் பேசியது என்றே புரியவில்லை. அந்தக் குரலை எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. கோமதியம்மாள் கணவருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு முன்னால் மறுக்க முடியாமல் அவர் மைக்கைக் கொடுத்தார். அந்தம்மாள் வாங்கும்போது மைக் மேசையில் தட்டுப்பட்டு ‘டொம்’ என்றது.

“மனுப் பரிசீலன அன்னைக்குக் காலையில சரசு எங்க ஊட்டுல உக்காந்திருந்துது,” என்றார். “குளிக்கோணும்னு கேட்டுது. குளியலறையக் காட்டுனேன். உள்ள போயி தாப்பாளப் போட்டுது. மறுபடி தொறந்து மறுபடி போட்டுது. அஞ்சாறு தடவ அந்தச் சத்தம் கேட்டுச்சு. நான் வெளியில நின்னுட்டு இருந்தேன்.”

பந்தலில் விசில் நின்றிருந்தது.

ஊராட்சிச் செயலரைப் பார்த்து, “எழுதிக்குங்க,” என்றார். “கூரையோட, கதவோட.”

பிறகு கணவர் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார். மைக் வாயருகே இருந்ததை மறந்துவிட்டார் போலிருக்கிறது. மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

“நீங்க கீழ போயி உக்காருங்க.”

சென்னியப்பன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டவர் போலச் சிரித்தார். அந்தம்மாள் சிரிக்கவில்லை. செயலர் பேனாவும் கையுமாக யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் இருந்தார். பெண்கள் பக்கம் ஒருவர்கூட அசையவில்லை. கடைசியில் சென்னியப்பன் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். மேஸ்திரி எப்போது நழுவினான் என்று நான் கவனிக்கவில்லை.

என்னைத் தோற்கடித்த பெண் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அடுத்து யாருங்க?” என்றார்.

சரசக்கா உட்கார்ந்து என் காதோரம் குனிந்தார்.

“இவங்ககிட்டயும் நாம ஓட்டுக் கேட்டிருக்கலாமுங்க கண்ணு.”